திரித்துவத்தை நம்பாமல் கிறிஸ்தவராக இருக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் எந்தப் பகுதியை எடுத்தாலும், யாராவது ஒருவர் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து நிற்பார். வகுப்பு நடக்கும்போது கேட்கமாட்டார். எல்லோரும் எழுந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார். ஏதோ தப்புச் செய்துவிட்ட பாவனை முகத்தில் இருக்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் திரித்துவத்தை நம்புகிறவன். பதில்களில் அந்தச் சாய்வு தெரியும். அதை மறைக்க முயலவில்லை.

திரித்துவம் என்று என்னதான் சொல்ல வருகிறீர்கள்? மூன்று கடவுளா, ஒரு கடவுளா?

ஒரே கடவுள். பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவி கடவுள். பிதா குமாரன் அல்ல. குமாரன் ஆவி அல்ல. ஆவி பிதா அல்ல. கடவுளோ ஒருவரே. இந்த ஏழு வரிகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வதுதான் திரித்துவ நம்பிக்கை. ஏழில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் மீதி ஆறும் சுலபமாகப் புரிந்துவிடும். இதுபற்றிச் சபை வரலாற்றில் எழுந்த தகராறுகள் ஏறக்குறைய எல்லாமே அப்படி ஒன்றை விட்டதில் வந்தவைதான்.

தமிழில் ‘மூன்று ஆட்கள்’ என்று சொன்னதும் தனித்தனியாக மூன்று உருவங்கள் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. லத்தீன்காரர்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். அவர்கள் பயன்படுத்திய ‘பெர்சோனா’ என்ற சொல்லுக்கு நாடக முகமூடி என்றும் பொருள் உண்டு. ஒரே நடிகர் மூன்று வேடம் போடுவதுபோலத் தோன்றிவிடும். மும்மூர்த்திகளோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. அங்கே படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரிந்திருக்கிறது. திரித்துவத்தில் எந்தச் செயலும் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. படைப்பிலும் மீட்பிலும் மூவரும் சேர்ந்தே செயல்படுகிறார்கள் என்பதே சபையின் போதனை.

அந்தச் சொல்லே பைபிளில் இல்லையே? பிறகு எப்படி அது கட்டாயமாகும்?

சொல் இல்லை என்பது உண்மை. கிரேக்கத்தில் ‘த்ரியாஸ்’ என்று கடவுளைக் குறித்து எழுதியவர்களில் நமக்குத் தெரிந்த முதல்வர் அந்தியோகியாவின் தெயோபிலுஸ். காலம் ஏறக்குறைய கி.பி. 180. லத்தீனில் ‘த்ரினித்தாஸ்’ என்ற சொல்லை நிலைநிறுத்தியவர் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன். அவர் அடுத்த தலைமுறை.

சொல் பின்னால் வந்தது. அதைத் தேட வைத்த வசனங்கள் முன்பே இருந்தன. ‘நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்’ என்று உபாகமம் சொல்கிறது. அதே வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்த யூதரான தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்கிறார் (யோவான் 20:28). மத்தேயு 28:19 ‘பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே’ ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது; பெயர்கள் மூன்று, ‘நாமம்’ மட்டும் ஒருமை. கிரேக்க மூலத்திலும் ஒருமைதான். இவற்றில் எதையும் கைவிடாமல் எப்படிப் பேசுவது என்ற திண்டாட்டத்தில் பிறந்த சொல் அது.

ஒரு எச்சரிக்கை. தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7 ‘இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்று முடிகிறது. அதை எடுத்துக்காட்டி வாதாடாதீர்கள். பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வரி இல்லை. எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்த பிறகு 1522 பதிப்பில்தான் சேர்த்தார். நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி வேண்டியதில்லை.

கான்ஸ்டன்டைன் மன்னர் கி.பி. 325-இல் ஓட்டெடுத்து உண்டாக்கியதுதானே இதெல்லாம்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நிசேயா நகரில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், அதில் சந்தேகமில்லை. அங்கே விவாதத்துக்கு வந்தவர் அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ். (ஆரியர் என்ற இனப்பெயருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. தமிழில் ‘ஆரிய வாதம்’ என்று எழுதினால் வாசிப்பவர் எங்கோ போய்விடுகிறார்.) ‘குமாரன் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு’ என்றார் ஆரியுஸ். குமாரன் படைக்கப்பட்டவர், எல்லாப் படைப்பிலும் உயர்ந்தவர், ஆனால் படைப்பே என்பது அவர் நிலை. சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ‘ஒரே பொருளானவர்’ என்று எழுதியது. பரிசுத்த ஆவியைப் பற்றி 325-இல் எழுதப்பட்டது ‘பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்’ என்ற அளவுக்குத்தான். ‘பிதாவோடும் குமாரனோடும் ஆராதிக்கப்படுகிறவர்’ என்ற விரிவு 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்ந்தது. ஆகவே திரித்துவம் முழுவதும் ஒரே நாளில் நிசேயாவில் தயாரானது என்பது தேதிக்கே பொருந்தாது.

அரசர்தான் இதைத் திணித்தார் என்றால் அடுத்து நடந்ததை விளக்க முடியாது. 337-இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நிக்கோமேதியாவின் யூசேபியுஸ், ஆரியுசுக்குத் துணை நின்றவர். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுஸ் நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். நிசேயா அறிக்கைக்காக நின்ற அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் தம் நகரத்திலிருந்து ஐந்து முறை துரத்தப்பட்டார். அரசு ஆணை நிசேயா பக்கம் உறுதியாக நின்றது பேரரசர் தியடோசியுஸ் காலத்தில், 380-இல்தான். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் பெரும்பகுதி அரண்மனை மறுபக்கமே இருந்தது.

எனக்கு இது புரியவே இல்லை. புரியாமல் எப்படி நம்புவது? நான் கிறிஸ்தவனே இல்லையா?

புரியாதது வேறு, மறுப்பது வேறு. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

அப்போஸ்தலர் 19-ஐப் பாருங்கள். எபேசுவில் பவுல் சிலரைச் சந்திக்கிறார். ‘பரிசுத்த ஆவி உண்டென்பதை நாங்கள் கேள்விப்படவே இல்லை’ என்கிறார்கள் அவர்கள். மூவரில் ஒருவரைப் பற்றிச் செய்தியே தெரியாதவர்கள். லூக்கா அவர்களைச் ‘சீஷர்’ என்றே எழுதுகிறார். பவுல் அதோடு விட்டுவிடவில்லை. கற்பித்து, ஞானஸ்நானம் கொடுத்து, மேலே கொண்டுபோகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: தெரியாததால் அவர்கள் வெளியே தள்ளப்படவில்லை, தெரியாதது பரவாயில்லை என்றும் பவுல் சொல்லவில்லை.

கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் இருபதாம் நூற்றாண்டில் வேடிக்கையாக ஒன்றைச் சுட்டிக்காட்டினார். திரித்துவப் போதனை தவறு என்று நாளைக்கே விலக்கப்பட்டாலும் பெரும்பாலான பக்தி நூல்களில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது என்றார். கிறிஸ்தவர்கள் வாயால் திரித்துவத்தைச் சொல்லிவிட்டு நடைமுறையில் வெறும் ஏகக்கடவுள் கொள்கையோடு வாழ்கிறார்கள் என்பது அவர் குறை. பாதிரியார்களையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எனவே நீங்கள் தனியாக இல்லை.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமை சொன்னால் போதாதா? ஞாயிறுபள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

அதைச் சொல்லிக்கொடுத்தவர் மூன்றாம் நூற்றாண்டின் சபெல்லியுசைச் சொல்லிக்கொடுத்துவிட்டார், தெரியாமல்! ஒரே தண்ணீர் ஒரு நேரம் பனிக்கட்டி, இன்னொரு நேரம் நீராவி. அதுபோல ஒரே கடவுள் ஒருமுறை பிதாவாக, பிறகு குமாரனாக, பிறகு ஆவியாக வருகிறார் என்பது சபெல்லியுசின் பெயரால் வழங்கும் கொள்கை. சபை அதை ஏற்கவில்லை. யோர்தானில் இயேசு தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், வானத்திலிருந்து குரல் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். பனிக்கட்டி உவமை அங்கேயே உருகிவிடுகிறது.

சூரியனும் ஒளியும் வெப்பமும் என்றால் குமாரனும் ஆவியும் வெறும் விளைவுகளாகிவிடுவார்கள். ஓர் இலையின் மூன்று இதழ் என்றால் ஒவ்வொருவரும் கடவுளின் மூன்றிலொரு பங்காகிவிடுவார்கள். உவமை இல்லாமல் முதல் பதிலிலுள்ள ஏழு வரிகளைச் சொல்லிக்கொடுப்பதே மேல். பிள்ளைகளுக்கு ஏழு வரி ஒன்றும் பாரமில்லை.

‘என் பிதா என்னிலும் பெரியவர்’ என்று இயேசுவே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வாதம்?

வாதம் நடந்தது, அதுவும் தெருத்தெருவாக. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டிநோபிளில் பிரசங்கித்த நிசாவின் கிரகோரி அந்த நகரத்தை வர்ணிக்கிறார். சில்லறை மாற்றப் போனால் கடைக்காரர் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறார். ரொட்டி என்ன விலை என்று கேட்டால் ‘பிதா பெரியவர், குமாரன் அவருக்குக் கீழ்ப்பட்டவர்’ என்று பதில் வருகிறது. குளிக்க வெந்நீர் ஆயிற்றா என்றால் ‘குமாரன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டானவர்’ என்கிறார்கள். நீங்கள் காட்டும் வசனம் ரொட்டிக்கடை வரை போய் வந்த வசனம்.

நிசேயா தரப்பின் பதில்: குமாரன் மனிதராகத் தம்மைத் தாழ்த்திய நிலையில் பேசியது அது. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம் ‘தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார்’ என்ற கருத்தில் அந்தத் தாழ்மையைச் சொல்கிறது. இன்னொரு பதிலும் பழமையானது: பிதா மூலம், குமாரன் அவரிடமிருந்து பிறந்தவர் என்ற அளவில் ‘பெரியவர்’, தன்மையில் அல்ல. எனக்கு இவை போதுமானவையாக இருக்கின்றன. ஆனால் மாற்கு 13:32-இல் அந்த நாளைக் ‘குமாரனும் அறியார்’ என்று வருவது எங்கள் தரப்புக்குச் சுலபமான வசனம் அல்ல. எதிர்த்தரப்புக்கு ‘அந்த வார்த்தை தேவனாயிருந்தது’ என்ற யோவான் 1:1-உம் தோமாவின் கூப்பாடும் அப்படித்தான். ஒரு வசனத்தை வீசிவிட்டு முடிந்தது என்பவர், எந்தத் தரப்பானாலும், மீதியை வாசிக்கவில்லை.

நிசேயாவுக்கு முன்னால் செத்துப்போன இரத்தசாட்சிகள் எல்லாம் என்ன ஆவார்கள்? அவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே?

ஜஸ்டினை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 165-இல் ரோமில் விசுவாசத்துக்காகத் தலை கொடுத்தவர். அவர் வார்த்தையானவரை, அதாவது குமாரனைப் பற்றி எண்ணிக்கையில் ‘வேறொரு தேவன்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டு கழித்து அதே வாக்கியத்தை எழுதியிருந்தால் அவருக்கு விசாரணை வந்திருக்கும். இன்று அவர் சபைகளில் புனிதராக நினைவுகூரப்படுகிறார்.

கேள்வி எழுவதற்கு முன் தடுமாறிச் சொன்னதையும், கேள்வி எழுந்து பதிலும் கிடைத்தபின் வேண்டுமென்றே மறுப்பதையும் சபை ஒரே தராசில் நிறுத்ததில்லை. 362-இல் அலெக்சாந்திரியாவில் கூடிய சங்கம் இன்னும் அழகான உதாரணம். ஒரு கூட்டம் ‘மூன்று ஹிப்போஸ்தாசிஸ்’ என்றது. (ஆள் என்றும் உள்பொருள் என்றும் புரிந்துகொள்ளக்கூடிய கிரேக்கச் சொல் அது.) இன்னொன்று ‘ஒரே ஹிப்போஸ்தாசிஸ்’ என்றது. ஒருவரையொருவர் மதப்புரட்டர் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். அத்தனாசியுஸ் இரு தரப்பையும் ‘அந்தச் சொல்லால் என்ன சொல்கிறீர்கள்?’ என்று விசாரிக்க வைத்தார். இருவரும் ஒன்றையே நம்பிக்கொண்டு வெவ்வேறு பொருளில் ஒரு சொல்லைப் புழங்கியிருந்தார்கள் என்று தெரிந்தது. ஐந்துமுறை நாடுகடத்தப்பட்ட பிடிவாதக்காரர் செய்த காரியம் இது.

‘இயேசுவே ஆண்டவர்’ என்று அறிக்கையிட்டால் போதும் என்று பவுலே சொல்கிறாரே?

ரோமர் 10:9. ஆம், நுழைவாயில் அதுதான். ஆனால் உள்ளே வந்தவர் கேட்பார்: ‘ஆண்டவர் என்றால் எந்த அர்த்தத்தில்? அவரை ஆராதிக்கலாமா? ஆராதித்தால் கடவுள் எத்தனை பேர்?’ மூன்றாவது கேள்விக்கு வந்ததும் திரித்துவத்தின் வாசலில் நிற்கிறீர்கள்.

உலக சபைகளின் மாமன்றத்துக்கும் இதே அனுபவம். 1948-இல் அது தொடங்கியபோது உறுப்புச் சபைகளுக்கு வைத்த அடிப்படை, இயேசு கிறிஸ்துவைக் கடவுளாகவும் இரட்சகராகவும் ஏற்பது. சிறிய வாசகம்தான். 1961-இல் புதுதில்லிப் பேரவையில் அதை விரித்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய ஒரே கடவுளின் மகிமைக்காக என்று சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் நூற்றாண்டு எடுத்த பாதையைப் பதின்மூன்றே ஆண்டுகளில் நடந்து முடித்தார்கள்!

சுற்றி வளைக்காதீர்கள். யெகோவாவின் சாட்சிகளும் மார்மன்களும் கிறிஸ்தவர்களா, இல்லையா?

‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பவரோ வரலாற்று ஆசிரியரோ பயன்படுத்தினால், இயேசுவை மையமாக வைத்த, தங்களை அப்படி அழைத்துக்கொள்கிற எவரும் கிறிஸ்தவர். அந்தக் கணக்கில் இவர்களும் கிறிஸ்தவர்களே. அப்போஸ்தலர் 11:26 சொல்வதுபோல அந்தியோகியாவில் அந்தப் பெயர் முதன்முதலில் ‘வழங்கப்பட்டது’. ஊரார் வைத்த பெயராகவே பலரும் அதைக் கருதுகிறார்கள்.

சபை பயன்படுத்தும்போது அது அறிக்கையையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்த சொல். யெகோவாவின் சாட்சிகள் இயேசுவைக் கடவுளின் முதல் படைப்பு என்றும், பரிசுத்த ஆவியைக் கடவுளின் செயல்படும் சக்தி என்றும் போதிக்கிறார்கள். மார்மன் சபை மூவரையும் நோக்கத்தில் ஒன்றுபட்ட, தனித்தனியான மூவராகக் கொள்கிறது. சாட்சிகளின் போதனை அந்த ஏழு வரியில் குமாரனையும் ஆவியையும் விடுகிறது. மார்மன் போதனை ‘கடவுள் ஒருவரே’ என்பதை வேறு பொருளில் சொல்கிறது. வத்திக்கான் பல புராட்டஸ்டண்ட் சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்கிறது. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் அறிவித்தது. மார்மன் சபையும் வேறு சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவு இரு பக்கமும் தாழிடப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தவரிடம் ‘நீ கிறிஸ்தவனே அல்ல’ என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நா எழாது. ‘நீங்களும் நானும் ஒரே விசுவாசத்தை அறிக்கையிடவில்லை’ என்று சொல்வேன். அதை அவரும் மறுக்கமாட்டார்.

எங்கள் உறவினர் போகும் சபையில் ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். அவர்களும் இதே பட்டியல்தானா?

இல்லை; ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்துக்குள் 1913-ஐ ஒட்டி அமெரிக்காவில் எழுந்த பிரிவு அது. அப்போஸ்தலர் 2:38-ஐப் பிடித்துக்கொண்டு, பிதா, குமாரன், ஆவி என்பதெல்லாம் இயேசு என்ற ஒரே நாமத்தில் அடங்கும் என்றார்கள். 1916-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை அமைப்பு திரித்துவத்தை உறுதிசெய்து அறிக்கை வெளியிட்டதும் நூற்றுக்கும் அதிகமான ஊழியர்கள் விலகினார்கள்.

ஆரியுஸ் இயேசுவின் கடவுள்தன்மையைக் குறைத்தார். இவர்கள் குறைக்கவில்லை, கடவுள் முழுவதும் இயேசுவே என்கிறார்கள். பனிக்கட்டி உவமைக்கு மேலே சொன்ன பதில் இவர்களுக்கும் பொருந்தும். தவறு என்றே கருதுகிறேன், ஆனால் ஆரியுசிடமிருந்து நேர் எதிர்த்திசையில் உள்ள தவறு.

நம்பாதவர்களைக் கொளுத்தினீர்களே, அதற்கு என்ன பதில்?

நியாயப்படுத்தும் பதில் கிடையாது. 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் மிகேல் செர்வெட்டஸ் என்ற ஸ்பானிய மருத்துவர் உயிரோடு எரிக்கப்பட்டார். நெருப்பில் அவர் ‘நித்திய தேவனின் குமாரனாகிய இயேசுவே, என்மேல் இரங்கும்’ என்று கதறியதாகச் சொல்லப்படுகிறது. ‘தேவனின் நித்திய குமாரனே’ என்று சொல்லவில்லை. ‘நித்திய’ என்ற ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். சாகும் நேரத்திலும் அதை இடம் மாற்ற அவர் மறுத்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னாலிருந்த திரித்துவ மறுப்பு, கொளுத்தியவர்கள் சாட்டிய முக்கியக் குற்றங்களில் ஒன்று.

அவரைக் குற்றம்சாட்டுவதில் முன்னின்ற ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வின், பதினாறு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் தம்மையே திரித்துவ மறுப்பாளர் என்று குற்றம்சாட்டியபோது, பழைய அறிக்கைகளில் கையெழுத்திட்டு நிரூபிக்க மாட்டேன் என்று மறுத்தவர். 1568-இல் திரான்சில்வேனியாவின் தோர்தாவில் கூடிய சட்டமன்றம், போதகர்கள் தங்கள் புரிதலின்படி பிரசங்கிக்கலாம் என்று ஆணையிட்டது. அதற்குப் பின்னணியில் நின்றவர் திரித்துவத்தை மறுத்த பெரென்ஸ் தாவீது. அந்த விஷயத்தில் அவர் பக்கமே சரி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் நம்பாதவருக்கு இரட்சிப்பு இல்லையா?

அத்தனாசியுசின் பெயரால் வழங்கும் விசுவாச அறிக்கை அப்படித்தான் தொடங்குகிறது: இரட்சிக்கப்பட விரும்புகிறவர் எவரும் இதைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் அழிவு. ஆனால் அதை அத்தனாசியுஸ் எழுதவில்லை. அவர் எழுதியது கிரேக்கத்தில். இது லத்தீனில், அவருக்கு வெகுகாலம் பின்னால் எழுதப்பட்டது. வாசிக்கும்போது எனக்கே தொண்டையில் சிக்கும் வரிகள் அதில் உண்டு.

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வன் எந்த அறிக்கையையும் சொல்லவில்லை. ‘என்னை நினைத்தருளும்’ என்றான். ஒருவர் இரட்சிக்கப்பட்டாரா என்று தீர்ப்பளிப்பது சபைக்குக் கொடுக்கப்பட்ட வேலை அல்ல. எதை அறிக்கையிடுகிறோம் என்று சொல்வது அதன் வேலை. இந்த இரண்டையும் குழப்பியதில்தான் முந்திய கேள்வியிலுள்ள விறகு அடுக்கப்பட்டது.

நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். திரித்துவத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சபைக்குப் போவதை நிறுத்திவிடட்டுமா? விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் கூசுகிறது.

நிறுத்த வேண்டாம் என்பது என் பதில். ஐசக் நியூட்டன் கேம்பிரிட்ஜில் இருந்த கல்லூரியின் பெயரே டிரினிட்டி, அதாவது திரித்துவம். அவரோ இரவுகளில் வேதத்தையும் சபைப் பிதாக்களையும் படித்துத் திரித்துவத்தை உள்ளுக்குள் நிராகரித்துவிட்டார். குருப்பட்டம் பெறாமலே கணிதப் பேராசிரியர் பதவியில் நீடிக்க 1675-இல் அரச விலக்கு கிடைத்தது. எழுதியவற்றைக் கடைசிவரை வெளியிடவில்லை. அதே பேராசிரியர் பதவியில் அவருக்குப் பின் வந்த வில்லியம் விஸ்டன் அதே கருத்தை வெளிப்படையாகச் சொன்னார், 1710-இல் வெளியேற்றப்பட்டார். நியூட்டன் அவருக்காக வாய் திறக்கவில்லை. இந்த இருவரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயமில்லை.

நிசேயா அறிக்கை கிரேக்கத்தில் ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில் தொடங்குகிறது. உங்களால் சொல்ல முடியாத வரியைப் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லட்டும். நீங்கள் அந்த இடத்தில் மௌனமாக நில்லுங்கள். உங்கள் போதகரிடம் நேரில் சொல்லுங்கள், தாழ்ந்த குரலில் அல்ல. ஆனால் ஞாயிறுபள்ளியில் பாடம் எடுக்கவோ மூப்பராகவோ அழைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பொறுப்பில் நீங்கள் பேசுவது உங்கள் சொந்தக் குரலாக இருக்காது. சபையின் குரலாக இருக்கும்.